அந்தாண்ட பூரா தண்ணி: காவேரிப்பாக்கம் ஏரியோடு நான்கு நாள்

நாள் 1, வியாழன். மகேந்திரவாடி

வேலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கம் நெருங்கும்போது, இடது பக்கம் மரங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட மேடு தெரியும். சின்ன வயதில் "அது இன்னாப்பா?" என்று கேட்டேன். "ஏரிக்கரை. அந்தாண்ட பூரா தண்ணி" என்றார் அப்பா. அன்றிலிருந்து முப்பது வருஷமாக அந்த மேட்டை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்து வருகிறேன். எங்கள் அத்தையைக் கொடுத்திருப்பதே அந்த ஏரித் தண்ணீரில் விளையும் ஒரு கிராமத்தில்தான். கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கரை மேல் ஏறினதில்லை.

இந்த மார்கழியில் நான்கு நாள் லீவு கிடைத்தது. அத்தைக்கு போன் போட்டு, "ஏரியைப் பார்க்க வர்றேன்" என்றேன். மாமா போனை வாங்கி, "ஏரியை மட்டும் பார்த்துட்டு இன்னா தெரிஞ்சிக்கப் போற? தண்ணி வர்ற வழியையும் போற வழியையும் சேர்த்துப் பாரு" என்றார். அந்தப் பேச்சுதான் இந்தப் பயணத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது.

காட்பாடியில் விடிகாலை அரக்கோணம் போகும் பாசஞ்சரில் ஏறினேன். திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலம் தாண்டியது. வாலாஜா ரோடு, சோளிங்கர், அன்வர்திகான்பேட்டை, அடுத்தது மகேந்திரவாடி. என்னோடு நாலைந்து பேர்தான் இறங்கினார்கள். ஸ்டேஷனில் இருந்து ஊருக்குள் ஒரு ஷேர் ஆட்டோ.

இங்கே முதலில் வந்ததற்குக் காரணம் ஒரு கல்வெட்டு. ஊருக்கு வெளியே ஒற்றைப் பாறை ஒன்றைக் குடைந்து செய்த சின்னக் கோயில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. பாறை பெரியது என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் இரண்டு வரிசைத் தூண்கள், கீழும் மேலும் சதுரமாக, நடுவில் எட்டுப் பட்டையாக. உள்ளே இப்போது நரசிம்மர் இருக்கிறார். தொல்லியல் துறையின் கம்பி வேலிக்குள் புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

தூணில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் செய்யுள். குணபரன் என்ற பட்டப் பெயரோடு அரசன் சொல்வது இது: மகேந்திரபுரம் என்ற பேரூரில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து முராரிக்கு 'மகேந்திர விஷ்ணுகிருகம்' என்ற கோயிலைச் செய்தேன். இதைப் படித்தவர்கள் எல்லோரும் கோயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த 'மகேந்திர தடாகம்' என்ற சொல்லில்தான் கண் நின்றது. சாமிக்கு முகவரி சொல்லும்போது அரசன் ஏரியை வைத்துச் சொல்கிறான். அப்படியென்றால் கோயில் வரும்போதே ஏரி இருந்திருக்கிறது. ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் தன் பெயரையே வைத்தவன், மூன்றையும் ஒரே காரியமாக நினைத்திருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த ஏரி இன்னும் இருக்கிறது. கரையில் ஏறிப் பார்த்தேன். பனை மரங்கள், கோரை, நடுவில் தண்ணீர். 1,400 வருஷத்துக்குப் பிறகும் பாலாற்றிலிருந்து மகேந்திரவாடிக் கால்வாய் என்ற பெயரிலேயே ஒரு கால்வாய் இந்த ஏரிக்கு வருகிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எந்த ஊரு கண்ணு? கோயில் பாக்க வந்தியா?" என்று கேட்டார். ஏரி பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "இந்த வருஷம் பரவால்ல. கோடி போவலன்னாலும் தண்ணி கீது" என்றார்.

கோடி போவது என்றால் ஏரி நிறைந்து வழிவது. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் நல்ல வருஷமா இல்லையா என்பதற்கு இந்த ஒரு கேள்விதான்: ஏரி கோடி போச்சா?

சாயங்காலம் பாணாவரம் வழியாகப் பஸ் பிடித்து அத்தை வீடு வந்து சேர்ந்தேன். இரவு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்.

நாள் 2, வெள்ளி. அணைக்கட்டு

மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வாலாஜா பக்கம் பாலாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டுதான் இந்த வட்டாரத்து ஏரிகளுக்கெல்லாம் தாய்வீடு. 1858-ல் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது.

அணைக்கட்டு என்றதும் மேட்டூர் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றின் அகலத்துக்கு ஒரு தாழ்ந்த கல் சுவர், அவ்வளவுதான். தண்ணீரைத் தேக்கி வைப்பது இதன் வேலை இல்லை. கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் கால்வாய்க்குள் திருப்பி விடுவதுதான் வேலை. வடகரையில் காவேரிப்பாக்கம் கால்வாய், மகேந்திரவாடிக் கால்வாய். தென்கரையில் சக்கரமல்லூர்க் கால்வாய், தூசிக் கால்வாய். இந்த நான்கிலிருந்தும் கிளை பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. தேக்குகிற வேலை அத்தனையையும் ஏரிகளே பார்த்துக்கொள்கின்றன.

பாலாறு 348 கிலோமீட்டர். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடி, மிச்சம் 222 கிலோமீட்டர் நம்மிடம். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் இது மணலாகத்தான் கிடக்கும். பழைய ஆட்கள் இதை வறண்ட ஆறு என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது என்பார்கள். ஆற்றுக்குள் ஊத்துக்கால் வெட்டினால் கோடையிலும் வாய்க்காலில் தண்ணீர் வந்த காலம் ஒன்று இருந்தது. மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்ட பிறகு ஊத்துக்கால் என்ற சொல் மட்டும்தான் மிச்சம்.

இன்று சுவரின் மேல் ஓரத்தில் மெல்லிய ஏடு மாதிரி தண்ணீர் வழிந்தது. அடியில் பாசி பிடித்த கல்லில் இரண்டு பையன்கள் துண்டை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "2021 நவம்பர்ல இதே இடத்துல நிக்க முடியாது" என்றார் மாமா. அந்த மாதம் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இந்தச் சுவரைத் தாண்டிப் போனது. 1903-ல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்களாம். அத்தனையும் கடலுக்குப் போயிற்று. அன்று கால்வாய்கள் தங்கள் அளவுக்குத்தான் குடிக்க முடிந்தது. ஆனால் அந்த அளவே போதும், கீழே உள்ள ஏரிகள் நிறைந்துவிட்டன.

கால்வாய்க் கரையோடு திரும்பினோம். முதலில் கொஞ்ச தூரம் பார்க்க அழகாக இருந்தது. தெளிந்த தண்ணீர், சத்தமில்லாத ஓட்டம், இரண்டு பக்கமும் தென்னை. பம்பும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. சரிவு ஒன்றை மட்டும் நம்பி இந்தத் தண்ணீர் காவேரிப்பாக்கம் வரை போக வேண்டும். எங்காவது ஒரு முழம் மேடு தட்டினாலும் நின்றுவிடும்.

அப்புறம் ஊர்கள் வர ஆரம்பித்தன. ஊருக்கு ஊர் கால்வாய் இளைத்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் சீமைக்கருவேலம் தலை நீட்டுகிறது, ஒரு பக்கம் வீடு இடித்த கட்டட மண். ஒரு சின்னப் பாலத்தின் அடியில் வாழை மட்டை, பிளாஸ்டிக் கவர், ஒரு பழைய மெத்தை எல்லாம் அடைத்து, இந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் உயரம் எழும்பி நின்றது. அந்தப் பக்கம் கணுக்கால் கூட இல்லை. மாமா வண்டியை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறு முனை. தண்ணீர் குடித்த மெத்தை அசைய மாட்டேன் என்றது. வழியில் போன இரண்டு பேர் கேட்காமலே இறங்கினார்கள். நான்கு பேர் சேர்ந்து இழுத்ததும் அது பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த நொடியில் பாலத்துக்கு அடியில் ஒரு சத்தம் வந்தது, பெரிய குடம் ஒன்றைக் கவிழ்த்த மாதிரி. கலங்கல் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. கை கழுவிக்கொண்டு ஏறினார்.

இதைத்தான் அந்தக் காலத்தில் குடிமராமத்து என்றார்கள். ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வாய்க்கால் தூர்வார வேண்டும், கரை உடைந்தால் மண் போட வேண்டும். அணைக்கட்டு கட்டிய அதே 1858-ல், அவசர காலத்தில் ஊரார் வந்து வேலை செய்தே ஆக வேண்டும் என்று மதராஸில் ஒரு சட்டமும் போட்டார்கள். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட ஆரம்பித்தது என்பதே பெரிய மாற்றம்தான். 2017-ல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தூர் வாரினார்கள், கரை பலப்படுத்தினார்கள். ஆனால் மெத்தையைப் போட்ட வீட்டுக்கு எதிரிலேயே அந்தக் கால்வாய் ஓடுகிறது என்பதை எந்தத் திட்டமும் மாற்ற முடியாது.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. ஆறு எதைக் கொண்டுவருகிறதோ அதையேதான் கால்வாயும் கொண்டுவரும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. தோலில் சோறு சாப்பிடுகிற குடும்பங்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான், கிணறு உப்பாகிப் போன குடும்பங்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். மேலே விழுகிற ஒவ்வொரு சொட்டும் கீழே ஏதோ ஒரு ஏரியில் போய்த்தான் நிற்கும்.

நாள் 3, சனி. ஏரி

விடிகாலை ஐந்தரைக்கு அத்தை எழுப்பினார். வாசலில் கோலம் முடித்து, சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப் பூ வைத்துக்கொண்டிருந்தார். "மப்ளர் கட்டிக்கினு போ, கரையில காத்து அடிக்கும்" என்றார். மாமாவும் நானும் நடந்தே போனோம்.

கரையில் ஏறும்போது இன்னும் இருட்டுதான். இந்தப் பக்கச் சரிவு மண்ணும் புல்லும், செருப்பு வழுக்கியது. மேலே ஏறி நின்றதும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் தெரிந்தது. தெரிந்தது என்று கூடச் சொல்ல முடியாது. எதிரே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். பனியும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். எங்கோ உள்ளேயிருந்து 'கொர்ர்' என்று நீர்ப்பறவைகளின் சத்தம் மட்டும் வந்தது. முதுகுக்குப் பின்னால் கிழக்கு வெளுக்க வெளுக்க ஏரி கொஞ்சம் கொஞ்சமாக உண்டானது. முதலில் கரையோரக் கற்கள், அப்புறம் கருவேல மரங்களின் தலை, அப்புறம் ஒரு தெப்பம், கடைசியாக எதிர்க்கரை. எதிர்க்கரை என்பது ஒரு கோடு, அவ்வளவு தூரம்.

முப்பது வருஷமாக அப்பா சொன்ன 'அந்தாண்ட' இதுதான். அவர் இல்லாமல் வந்து நிற்கிறேனே என்று தொண்டை அடைத்தது. மாமாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் இது ஒன்று. நிறைந்தால் சுமார் 30 அடி, கொள்ளளவு 1.47 டி.எம்.சி. வீராணமும் ஏறக்குறைய இதே அளவுதான், 1.465. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அத்தனை தண்ணீரையும் தாங்கிக்கொண்டு நிற்பது நாங்கள் நின்ற இந்த மண் கரை. யாரோ கூடையில் சுமந்து கொட்டிய மண். தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் இருக்கக் கல் பாவியிருக்கிறார்கள். கரை பல கிலோமீட்டர் நீளம், காலையில் ஆரம்பித்த நாங்கள் வெயில் ஏறும் வரை நடந்தும் முடியவில்லை.

ஏரியைக் கட்டியவன் மூன்றாம் நந்திவர்மன் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன், தெள்ளாற்றில் வென்றவன். அதற்கு ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. பழைய கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் 'அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்'. அவனிநாராயணன் என்பது அந்த நந்திவர்மனின் பட்டப் பெயர். மகேந்திரன் மகேந்திரவாடியில் செய்ததை இவன் இங்கே செய்திருக்கிறான். பிறகு ராஷ்டிரகூடர்கள் இந்தப் பக்கம் வந்து ஆண்டபோது செய்த சிற்பங்கள் பல இந்த ஊரில் கிடைத்து, இப்போது சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் 'காவேரிப்பாக்கம்' என்று எழுதிய பலகையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவை இந்த ஏரியோரத்திலிருந்து போனவை.

ஏழு மணிக்குப் பறவைகள் நன்றாகத் தெரிந்தன. கரைப் பக்கம் ஆழமான தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாகக் கறுப்புப் புள்ளி வைத்த மாதிரி. வடக்கேயிருந்து குளிருக்கு வந்த ஊசிவால் வாத்துகள் தனியாக ஒதுங்கி நின்றன. தூரத்தில் நான்கைந்து கூழைக்கடாக்கள், பெரிய தோணிகள் மாதிரி ஒரே திசையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.

என் கால் பக்கத்தில் கல் இடுக்கில் ஒரு நத்தை ஓடு கிடந்தது. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், ஓட்டில் ஒரு கீறல் இல்லை, உள்ளே காலி. "நத்தைக்குத்தி தின்னுட்டுப் போட்டது" என்றார் மாமா. நத்தைக்குத்தி நாரைக்கு மேல் அலகும் கீழ் அலகும் மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அதனால் நத்தையைக் கடித்து உடைக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். உடைப்பதில்லை. அலகின் கூர்நுனியை உள்ளே விட்டு, சதையை ஓட்டோடு பிடித்துவைத்திருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. சதை வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஓடு அப்படியே கிடக்கும். நடந்து போன வழியெல்லாம் இப்படி முழு ஓடுகள். நெற்பயிரைத் தின்னும் நத்தையைத் தின்று தீர்க்கும் இந்த நாரையை எந்த விவசாயியும் விரட்டி நான் பார்த்ததில்லை.

மனிதன் கட்டிய ஏரியில் இத்தனை பறவை ஏன் வருகிறது என்பதை மாமா ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. கரையடியில் ஆழம். எதிர்ப்பக்கம், அதாவது உள்வாய்ப் பக்கம், போகப் போக முழங்கால் அளவு, கணுக்கால் அளவு, கடைசியில் வெறும் சேறு. மதகைத் திறந்து கழனிக்கு நீர் விடும்போது ஏரி நாளுக்கு நாள் கொஞ்சம் சுருங்கும். நேற்றுத் தண்ணீர் நின்ற இடம் இன்றைக்குச் சேறு. அந்தப் புதுச் சேற்றில்தான் புழு, பூச்சி, சின்ன மீன் எல்லாம் மாட்டிக்கொண்டு கிடக்கும். உள்ளானும் நெடுங்கால் பறவைகளும் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கக் கூடவே நடக்கும். நமக்கு நவரை நெல்லுக்குப் போகிற தண்ணீர், அவற்றுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புது இலை விரித்துப் போடுகிறது. அந்தச் சேறு கோடையில் காய்ந்ததும் வண்டல். அதை வண்டியில் அள்ளிக் கழனியில் போட்டால் அடுத்த போகத்துக்கு உரம்.

கரைக்குக் கீழே ஒரு மீனவர் தெர்மாக்கோல் தெப்பத்தில் வந்து சேர்ந்தார். சாக்கில் சுற்றிக் கட்டிய தெர்மாக்கோல், துடுப்புக்கு இரண்டு பலகைத் துண்டு. வலையைக் கல்லில் விரித்து ஒவ்வொரு கண்ணாகப் பிரித்து மீன் எடுத்தார். ஜிலேபிதான் அதிகம். இரண்டு கெளுத்தி, ஒரு பெரிய கட்லா. கெளுத்தியை எடுக்கும்போது மட்டும் விரல்களை வேறு மாதிரி வைத்துக்கொண்டார். செவுளுக்குப் பின்னால் உள்ள முள்ளில் கை படாமல் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து, வலையை மீனைச் சுற்றிக் கழற்றுகிறார், மீனை வலையிலிருந்து இழுப்பதில்லை. "இழுத்தா முள்ளும் உடையும் வலையும் கிழியும்ணா" என்றார். கட்லாவை நாங்களே வாங்கிக்கொண்டோம்.

மதகுகளுக்கு இங்கே பெயர் உண்டு. சிங்க மதகு, நரி மதகு, மூல மதகு, பள்ள மதகு. அத்தை வீட்டில் யாராவது "எந்தத் தண்ணி உங்களுக்கு?" என்று கேட்டால் மதகின் பெயரைத்தான் சொல்வார்கள். இன்று இரும்பு ஷட்டர். பல்லவர் காலத்தில் குமிழித் தூம்பு. ஏரிக்குள் கல்தொட்டி மாதிரி ஒன்று, அதன் மேல் துளைக்கு ஒரு கல் அடைப்பு. மேல் துளையில் தண்ணீர் போகும். அடியில் சேறோடித் துளைகள் இருக்கும். அந்த இழுப்பில் சேறும் மண்ணும் தானாகவே வெளியே போய்விடும். ஏரி கட்டியவனுக்கு அது தூர்ந்து போகும் என்பதும் கட்டும்போதே தெரிந்திருக்கிறது.

மதியம் கட்லாக் குழம்பு. மாங்காய் போட்டு அத்தை வைத்தது.

சாப்பிட்ட பிறகு திண்ணையில் மாமா இன்னொரு கதை சொன்னார். இது பாடப் புத்தகத்தில் வருவது. 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவின் படை இந்தப் பக்கம் வந்தபோது, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பும் அவர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர்களும் காவேரிப்பாக்கத்தில் காத்திருந்தார்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் மாந்தோப்பு, அதில் பீரங்கிகள். மறு பக்கம் ஆழமான வாய்க்கால், அதற்குள் காலாட்படை. இரவு நிலா வெளிச்சத்தில் சண்டை. கிளைவ் ஆட்களைச் சுற்றி அனுப்பி, தோப்பின் பின்பக்கமாகப் போய்ப் பீரங்கிகளைப் பிடித்துவிட்டார். ஆற்காட்டின் கதி பெரும்பாலும் அன்றோடு முடிவானது. எனக்கு அதைக் கேட்கும்போது அந்த வாய்க்கால்தான் கண்ணில் நின்றது. பயிருக்குத் தண்ணீர் போக வெட்டியதில் ஆட்கள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தார்கள்.

மாலை மறுபடியும் கரை. சூரியன் தண்ணீர்ப் பக்கம் இறங்கியது. ஊர்ப் பையன்கள், மாடு ஓட்டிப் போகிறவர்கள், செல்போனில் பேசியபடி நடக்கும் ஒரு பெண். கொக்குகள் வரிசையாகப் போய் உள்வாய்க் கருவேல மரங்களில் அடைந்தன. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

நாள் 4, ஞாயிறு. கடைவாசல், தக்கோலம்

காலையில் கழனிப் பக்கம் போனேன். நவரைக்கு நாற்றங்கால் பச்சை கட்டியிருக்கிறது. சம்பா அறுத்த தாளடியில் வாத்துக்காரர் ஒருவர் ஐந்நூறு, அறுநூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கீழே உதிர்ந்த நெல், நத்தை, புழு எல்லாம் அவற்றுக்குத் தீனி. இராத்திரி வலைப் பட்டியில் அடைத்தால் விடிவதற்குள் முட்டை போட்டுவிடும். அவர் முட்டை பொறுக்கி முடித்து அட்டைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெளிர் நீலம், வெள்ளை, இன்னும் சூடு ஆறாதது. எந்த ஏரிக்குக் கீழே எப்போது அறுப்பு என்பது அவருக்கு அத்துப்படி. ஆரணிப் பக்கம் ஆரம்பித்து ஏரி ஏரியாகத்தான் அவர் வருஷம் நகர்கிறது.

பத்து மணிக்கு மாமா கடைவாசலில் கொண்டுபோய் விட்டார். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு இங்கே கடைவாசல் என்று பெயர். இப்போது தண்ணீர் அந்த மட்டத்துக்கு இல்லை. ஷட்டருக்குக் கீழே சின்னச் சின்னக் குட்டைகள், துவைக்கிற கல்லில் நான்கு பெண்கள். 2021-ல் இங்கே தண்ணீர் இரைந்த சத்தம் ஊருக்குள் கேட்டதாம். ஊரே திரண்டு வந்து மஞ்சள், குங்குமம், பூ தூவிக் கற்பூரம் ஏற்றினார்கள் என்று அத்தை சொன்னார். "பயமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. அவ்ளோ தண்ணிய பாத்து எத்தினி வருஷம் ஆவுது" என்றார்.

இங்கிருந்து போகும் தண்ணீர்தான் கொசஸ்தலை ஆறாகிறது. கேசாவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரியும். மிச்சம் 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து சென்னைக் குழாய்க்கு. அதையும் தாண்டினால் எண்ணூரில் கடல். பாலாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து, ஏரியில் தங்கி, வழிந்து, வேறொரு ஆறாகி வேறொரு இடத்தில் கடல் சேர்கிறது. மனிதன் வெட்டிய கால்வாயும் கட்டிய கரையும் நடுவில் இல்லாவிட்டால் இந்த வழியே இல்லை. சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு இதை வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். "அப்போ அத்தை வீட்டுத் தண்ணியைத்தான் நான் குடிக்கிறேனா?" என்று கேட்டாள். நல்ல மழை வருஷத்தில் ஆமாம்.

அங்கிருந்து பஸ் மாறித் தக்கோலம் வந்தேன். ஜலநாதீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய திருவூறல். ஆற்றங்கரைக் கோயில். 949-ல் இந்த ஊரில்தான் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே ராஷ்டிரகூடர்களோடு போரிட்டு இறந்தான். காட்டுமன்னார்கோயில் பக்கம் படையோடு தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டு வீராணம் ஏரியை வெட்டி, அதற்குத் தன் அப்பா பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப் பெயரை வைத்தவன் என்று சொல்வார்கள். அந்த ஏரித் தண்ணீரும் இன்று சென்னைக்குத்தான் போகிறது. கோயில் குளக்கரையில் உட்கார்ந்து அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். நத்தை ஓடு பையில் துண்டுக்குள் சுற்றி இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் இருக்கும்போது அத்தை போன் செய்தார். வந்து சேர்ந்தாயா, சாப்பிட்டாயா எல்லாம் கேட்டுவிட்டு, "மதகு தொறந்துட்டாங்கடா. மாமா மண்வெட்டி எடுத்துக்கினு அண்டை வெட்டப் போயிட்டாரு" என்றார்.

"தண்ணி நம்ம கழனிக்கு வந்துடுச்சா அத்தை?"

"இன்னும் மேல் கழனிக்கே வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம முறை. நான்தான் டார்ச் லைட் பிடிக்கணும்" என்றார். அரக்கோணம் வண்டி வந்துவிட்டது.